மணிக்கு இருபத்திரண்டு சட்டை

விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்வியில் முதுகலை மாட்டிக்கொண்டான்.

'தற்போது செய்யும் வேலை என்ன?' என்று கேட்டிருந்தது. பதில் எழுத ஒரு கட்டம், அதில் முப்பது எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அவன் வலது கையில் இஸ்திரிப் பெட்டி, இடது கையில் போன், எதிரே மேசையில் யாரோ ஒரு புண்ணியவானின் நீலச் சட்டை. உண்மையை எழுதுவதென்றால் பத்து எழுத்துகூடத் தேவையில்லை. சலவைக் கடையில் துணி தேய்க்கிறான். எட்டு மாதமாகத் தேய்க்கிறான். ரொம்ப நன்றாகவே தேய்க்கிறான். ஆனால் அதை எழுதக் கை வர வேண்டுமே. பட்டம் வாங்கிய கை அல்லவா அது.

முதுகலை என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. படிக்க வந்த புதிதில், வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த ஆளிடம்கூட, "நான் இங்க மாஸ்டர்ஸ் பண்றேன்" என்று சொல்லிக் கைகொடுத்தான். அந்த ஆள் ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். கூட இருந்தவர்கள் அதைத் தமிழ்ப்படுத்தி அன்றைக்கே பெயராக வைத்துவிட்டார்கள். படித்தது தரவுப் பகுப்பாய்வு. அதாவது, குவிந்து கிடக்கும் விவரங்களைக் கிளறி, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு சங்கதியைக் கலர் படமாகப் போட்டுக் காட்டுகிற வித்தை. அதற்கு இரண்டு வருடம், ஒரு கறுப்பு அங்கி, ஒரு குல்லா.

படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான சட்டம் மிக எளிமையானது. எளிமையானது என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பக்கம். பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் தங்கலாம். அந்த ஒரு வருடம் வயிற்றுப்பாட்டுக்கு எந்த வேலை வேண்டுமானாலும் செய்யலாம். வருடம் முடிவதற்குள் படிப்புக்குத் தகுந்த வேலை ஒன்றைக் காட்டினால் தங்கும் அனுமதி நீளும். காட்டாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தடித்த எழுத்தில் ஒரு வரி: பொய்த் தகவல் தந்தால் உடனடி வெளியேற்றம், பிறகு ஐந்து வருடம் உள்ளே நுழையத் தடை. முதுகலை பதினொரு மாதத்தில் அறுநூற்றுச் சொச்சம் கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டான். நானூறு கம்பெனி பதிலே போடவில்லை. மீதி எல்லாம் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்ததுபோல எழுதின. இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி.

அம்மாவிடம் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அம்மா அதைத் தெருவுக்கே ஒலிபரப்பி முடித்தாயிற்று. அப்பா, அவன் குல்லா போட்ட போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களை எல்லாம் அதற்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியில்தான் உட்கார வைக்கிறார். வீடியோவில் பேசும்போது பின்னால் நீராவி தெரிந்தால், "ஏசி ஜாஸ்தியா வச்சிருக்காங்கம்மா" என்பான். அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்வார். இந்த லட்சணத்தில் திரும்பிப் போய் அந்தப் போட்டோவுக்குக் கீழே நிற்பதை நினைத்தாலே அவனுக்குப் பயம் வந்துவிடும். அவனிடம் பாசாங்கு நிறைய உண்டு. ஆனால் இந்தப் பயம் நிஜமான பயம்.

கடை அண்ணனுடையது என்று பலகை சொல்லும். நடத்துவது அண்ணி. இரண்டு பேரும் அவனுக்குச் சொந்தமில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் வந்து குடியேறியவர்கள். அப்புறம் வந்து இறங்குகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணன், அண்ணி.

"என்னப்பா, கருகுற வாசனை வருது?" என்றார் அண்ணி, கல்லாவிலிருந்து.

"கருகல அண்ணி. என் கையில இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கருகினதில்ல."

"அப்ப அதையே எழுதேன். நல்லாத் தேய்ப்பேன்னு."

"அண்ணி, நான் மாஸ்டர்ஸ்."

"தெரியும்ப்பா. தினம் சொல்ற."

அண்ணி சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தில் இரண்டு பாகம் இருந்தது. முதல் பாகம் பட்டதாரி வேலைக்கு. இரண்டாம் பாகத்தின் தலைப்பு 'பிற தொழில்கள்'. அதோடு நாலைந்து பக்கத்துக்கு ஏதோ பட்டியல். முதுகலை தலைப்போடு நிறுத்திக்கொண்டான். இதெல்லாம் படிக்காதவர்களுக்கு என்று சொல்லி, அச்செடுத்த தாள்களை ஓரமாக வீசினான். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற காகிதத்தைக் குப்பையில் போட அண்ணி விடுவாரா? அந்தக் கடையில் மின்சார பில்லும் பள்ளிக்கூட நோட்டீஸும் திரும்பிப் படுத்து இன்னொரு பிறவி எடுக்கும். பட்டியலும் பிரிண்டரின் வயிற்றுக்குள் போயிற்று.

முதுகலை பதினான்காவது கட்டத்தில் 'தரவுப் பகுப்பாய்வாளர்' என்று எழுதினான். மனசாட்சி லேசாக உறுத்தியது. தினமும் எத்தனை துணி வந்தது, எத்தனை போயிற்று என்று நோட்டில் எழுதுவது நான்தானே, அது தரவு இல்லாமல் வேறென்ன என்று அதன் வாயை அடைத்தான்.

வேலை கொடுப்பதற்குப் பதினொரு மாதம் யோசிக்கிற நாடு, சந்தேகப்படுவதற்கு இரண்டே நாள் எடுத்துக்கொண்டது. அந்தப் பணி உங்கள் நிறுவனத்துக்கு ஏன் தேவை, இயக்குநரின் கடிதம் அனுப்பவும் என்று பதில் வந்தது. கடையில் இயக்குநர் என்று யாரும் இல்லை. இருந்தது இரண்டு சலவை மெஷின், ஒரு தேய்க்கிற மேசை, வாடிக்கையாளர் வந்தால் அடிக்கிற மணி ஒன்று, பிறகு அண்ணன். அண்ணனை இயக்குநர் ஆக்கினான். கடிதத்தையும் அவனே எழுதினான். 'ஆடைப் பராமரிப்புத் துறையில் முன்னணியில் இருக்கும் எங்கள் நிறுவனம், தரவின் அடிப்படையிலேயே ஒவ்வொரு முடிவையும் எடுத்துவருகிறது' என்று ஆரம்பித்தது அது. அண்ணன் கையெழுத்துப் போடுவதில் தாராளம், படிப்பதில் சிக்கனம். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை, போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்த பதில் மூன்றாம் நாள் வந்தது. செய்த வேலையின் மாதிரியைக் காட்டு என்றார்கள்.

இதற்கு மட்டும் முதுகலை உண்மையிலேயே உழைத்தான். எட்டு மாத நோட்டையும் உட்கார்ந்து கணினியில் ஏற்றினான். மணிக்கு எத்தனை சட்டை, எத்தனை பேண்டு, கருகினது எத்தனை, பட்டன் தெறித்தது எத்தனை என்று கலர் கலராகப் படம் போட்டான். மணிக்கு இருபத்திரண்டு சட்டை. கருகல் பூஜ்யம். தேய்க்கிற ஆளுக்கு 'பணியாளர் 1' என்று பெயர் வைத்தான். படம் ஏறுமுகமாக இருந்தது. முதல் மாதம் மணிக்கு ஒன்பது, எட்டாவது மாதம் இருபத்திரண்டு. அந்தப் பணியாளர் ஒன்றின் திறமையைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அது தான்தான் என்பது ஞாபகம் வந்ததும் பெருமையை அடக்கிக்கொண்டு அனுப்பிவைத்தான்.

அங்கேதான் வம்பு வந்து சேர்ந்தது. 'படத்தில் உள்ள பணியாளர் 1 யார்? பெயர், அனுபவம், முதலாளியின் சான்றுக் கடிதம் தேவை' என்று எழுதியிருந்தார்கள்.

யார் பெயரைக் கொடுப்பது? தன் பெயரைப் போட்டால் பகுப்பாய்வாளர் காலி. அண்ணனுக்கு முதுகுவலி, குனிந்தால் நிமிர அரை மணி நேரமாகும். அண்ணியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தான். என்னை இந்தக் கூத்தில் இழுத்தால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று அவர் துணியை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது மெத்தை.

மெத்தை அவனுடைய அறைத்தோழன். அதே படிப்பு, அதே நாளில் பட்டம், அனுமதி முடிகிற தேதியும் அதே தேதி. வித்தியாசம் என்னவென்றால், முதுகலை அறுநூறு கம்பெனிக்கு எழுதிப்போட்டான். மெத்தை ஒன்றுக்கும் போடவில்லை. ஒரு வருடத்தையும் தரையில் போட்ட மெத்தையிலேயே கழித்தான். பெயர் அப்படி வந்ததுதான். கிளம்புவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே புது சூட்கேஸ் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் கட்டி, கதவோரம் நிறுத்திவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் முதுகலைக்கு எரிச்சலாக வரும். இவனெல்லாம் எதற்குப் படிக்க வந்தான் என்று அண்ணியிடம் தினம் ஒரு தடவையாவது புலம்புவான்.

"நான் என்ன செய்யணும்?" என்றான் மெத்தை, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உன் பேர் மட்டும் போதும்."

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னா சரி."

குடியேற்ற அலுவலகம் அனுப்பிய படிவத்திலேயே முதுகலை சான்றுக் கடிதம் எழுதினான். எழுத உட்கார்ந்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது. 'எங்கள் நிறுவனத்துக்கு வரும் அத்தனை ஆடைகளையும் கடந்த எட்டு மாதங்களாகத் தேய்த்துவருபவர் இவரே. இவருடைய வேகத்துக்கும் நேர்த்திக்கும் இணைத்திருக்கும் படங்களே சான்று' என்று முடித்தான். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, விவரங்களைச் சரிபார்த்தவர் என்று பகுப்பாய்வாளராகத் தானும் ஒன்று போட்டான். பார்க்க ரொம்ப கௌரவமாக இருந்தது.

அதைப் படித்ததும் அலுவலகத்தில் யாருக்கோ நேரில் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், பகுப்பாய்வாளரும் பணியாளர் ஒன்றும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

மெத்தை முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்தான். "ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னே."

"ஒரு மணி நேரம்டா. நின்னாப் போதும்."

"நிக்கணுமா?"

செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பயிற்சி. முதுகலை காலரின் உள்பக்கத்தை முதலில் தேய்க்கச் சொன்னான், பிறகு தோள், பிறகு கை, கடைசியாக உடம்பு. மெத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முதல் சட்டையைப் பிரித்து மேசையில் போட்டான், சூடான பெட்டியை அதன் நெஞ்சில் வைத்தான், போனில் ஏதோ வந்ததென்று எடுத்துப் பார்த்தான். அது பக்கத்துத் தெரு வக்கீலின் வெள்ளைச் சட்டை. பெட்டியைத் தூக்கியபோது நெஞ்சில் பழுப்பாக, பெட்டியின் வடிவம் அச்சு அசலாக விழுந்திருந்தது. இரண்டாவது சட்டைக்கு நாற்பது நிமிடம் ஆனது, அதிலும் ஒரு கை தேய்க்கப்படவில்லை. மணிக்கு ஒன்றரைச் சட்டை, கருகல் ஒன்று. வக்கீல் வந்து சட்டையைப் பார்த்தார். இருபது வருடம் ஒரே கடைக்கு வருகிறவனுக்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்று அரை மணி நேரம் நியாயம் கேட்டார். அவர் போனதும் அண்ணி முதுகலையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு ஒரு சட்டை கருகியிருக்கும்.

வேறு வழி இருந்தால்தானே. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்று முதுகலை முடிவு செய்தான். பச்சைத்தண்ணி மாதிரி ஆறின பெட்டியால் யாரையும் சுட முடியாது. வியாழக்கிழமை விடிகிற நேரத்துக்கே கடைக்கு வந்து அறுபது சட்டையைத் தானே தேய்த்து வரிசையாக மாட்டினான். அதில் பன்னிரண்டை எடுத்து மேசையில் விரித்து வைத்தான். மெத்தை அவற்றின் மேல் ஆறின பெட்டியை இழுத்துவிட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நீராவி வராவிட்டால் சந்தேகம் வரும் என்பதால் அண்ணியின் மின்கெட்டிலைத் தண்ணீர் ஊற்றி மேசைக்கு அடியில் ஒளித்து வைத்தான். இவ்வளவு மூளையும் எந்த அறுநூறு கம்பெனியின் கண்ணிலும் படவில்லை என்பதுதான் வருத்தம்.

அலுவலகம் ஒன்றும் தயாரானது. சோப்புத் தூள் மூட்டைகளை நகர்த்தி, சின்ன மேசை போட்டு, அதன் மேல் கணினியை வைத்தான். 'தரவுப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் அச்செடுத்து, எங்காவது கண்ணில் படுகிற மாதிரி ஒட்டச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தான். அண்ணனுக்கு ஒரே ஒரு வசனத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தான். எதைக் கேட்டாலும் அதைச் சொன்னால் போதும்.

பத்து மணிக்குச் சரியாகக் கதவு மணி அடித்தது. வந்தவர் தமிழ் தெரிந்த ஒரு நடுத்தர வயது அம்மா. தோளில் கனத்த பை, முகத்தில் களைப்பு. ஒரே பொய்யை முந்நூறு தடவை கேட்டவர்களுக்கு வருகிற பொறுமை அவரிடம் இருந்தது. அண்ணனைப் பார்த்து, குடிக்கத் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

"தரவு இல்லாம நாங்க ஒரு பட்டன்கூடத் தைக்கறதில்ல," என்றார் அண்ணன்.

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி குடித்துவிட்டு, தரவுப் பிரிவு என்று எழுதியிருந்த கதவைத் திறந்தார். உள்ளே கழிப்பறை இருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சோப்புத் தூள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த முதுகலையிடம் வந்தார்.

முதுகலை கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். காலையில் அச்செடுத்த படங்களை அதிகாரியின் கையில் கொடுத்தான். பணியாளர் ஒன்றின் வேகம் எப்படி மாதா மாதம் ஏறியிருக்கிறது, கருகல் எப்படி எட்டு மாதமும் பூஜ்யத்திலேயே நிற்கிறது, பட்டன் தெறிப்பது திங்கட்கிழமை ஏன் அதிகம் என்று கால் மணி நேரம் விளக்கினான். சட்டையைப் பற்றி இவ்வளவு பேச விஷயம் இருக்கிறதா என்று அண்ணி வாயில் கைவைத்து நின்றார். அதிகாரி குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படங்களைப் பார்த்துக் கடையில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்றார்.

முதுகலை கணினித் திரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அவன் கண் தேய்க்கிற மேசைப் பக்கம் போயிற்று. அங்கே கெட்டிலின் ஆவிக்கு நடுவில் மெத்தை ஒரு சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் அவன் பார்த்துப் பார்த்துத் தேய்த்த சட்டை அது. ஆறின பெட்டியை இழுத்து இழுத்து, இல்லாத மடிப்பையெல்லாம் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருந்தான். முதுகலையின் விரல்கள் தானாகத் துடித்தன. எட்டு மாதப் பழக்கம் சும்மா விடுமா?

"காலரை உள்பக்கம் முதல்லடா. நுனியிலருந்து நடுவுக்கு. இப்படி இழுத்தா சுருங்கும்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டேட்டா சொல்லுது மேடம்," என்றான் முதுகலை.

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"படமெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்றார். "ஆனா ரெண்டு மெஷின் இருக்கிற கடைக்குப் பகுப்பாய்வாளர் தேவைன்னு என்னால எழுத முடியாது. உங்களை மாதிரி படிச்சவங்க மூவாயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்க. உங்க விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டியிருக்கு. மன்னிச்சுக்கோங்க."

முதுகலைக்குக் கூடமும் போட்டோவும் எதிரே இருக்கிற நாற்காலியும் கண் முன்னால் வந்தன. அதிகாரி படங்களை அடுக்கிப் பையில் வைக்கப் போனவர், ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் திருப்பினார். அண்ணியின் புண்ணியத்தில் எல்லாத் தாளுக்கும் பின்னால் ஏதோ அச்சாகியிருந்தது.

"இந்தப் பின்பக்கத்தைப் படிச்சீங்களா?"

"அது நமக்கில்ல மேடம்," என்றான் முதுகலை, அந்த நிலையிலும். "படிக்காதவங்களுக்கு."

அதிகாரி அவனை ஒரு கணம் பார்த்தார். "ஆமா. உங்களுக்கு இல்லதான்."

தாளை எடுத்துக்கொண்டு தேய்க்கிற மேசைக்குப் போனார். மெத்தை பயந்துபோய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நல்லவேளை, அது ஆறின பெட்டி. அதிகாரிக்கு அது தெரியாமல் இருக்க முதுகலை அவசரமாக நடுவில் வந்து நின்றான்.

"எட்டு மாசமா இங்க தேய்க்கிறது நீங்கதானா?" என்று கேட்டார் அதிகாரி.

மெத்தை முதுகலையைப் பார்த்தான். இவன் உளறி எல்லாவற்றையும் கெடுத்துவிடப்போகிறான் என்ற பதற்றத்தில் முதுகலை ஆமென்று தலையை வேகமாக ஆட்டினான்.

"ஆமாங்க," என்றான் மெத்தை.

அதிகாரி தாளில் ஒரு வரியைக் காட்டினார். "ஆள் கிடைக்காத தொழில்கள் பட்டியல். ஒன்பதாவது வரி, துணி தேய்ப்பவர். ஆறு மாச அனுபவம், முதலாளியோட கடிதம், வேகத்துக்குச் சான்று. இந்த மூணும் இருந்தா நிரந்தரமா இங்கயே தங்கலாம். பொதுவா இந்த மூணாவதுதான் யார்கிட்டயும் இருக்காது. உங்களுக்கு மாசா மாசம் படமே போட்டு வச்சிருக்கார் இவர்." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மெத்தையின் கையில் கொடுத்தார். "இங்க கையெழுத்துப் போடுங்க. அனுமதி பத்து நாள்ல தபால்ல வரும்."

மெத்தை போட்டான். அவனிடம் யாராவது பேனா கொடுத்தால் போட்டுவிடுவான்.

மணிக்கு இருபத்திரண்டு சட்டை. கருகல் பூஜ்யம். அவன் கை, அவன் முதுகு, அவன் எட்டு மாதம். எல்லாம் கலர் கலராக மெத்தையின் பெயரில் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டத்தை மறந்தான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். உண்மையில அந்தப் பணியாளர் ஒண்ணு..."

அதிகாரி திரும்பினார். கோபம் எதுவும் இல்லை. சான்றுக் கடிதத்தை வெளியே எடுத்தார், கீழே 'விவரங்களைச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் விரலை வைத்தார். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் இருந்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

"இதுல ஏதாவது பொய்யா?"

உடனடி வெளியேற்றம். ஐந்து வருடத் தடை. முதுகலை அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மனப்பாட வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார், அண்ணி அவர் கையைப் பிடித்து அழுத்தினார். மேசைக்கு அடியில் கெட்டில் கொதித்து முடித்துத் தானே அணைந்தது.

"இல்ல மேடம்," என்றான் முதுகலை. "எல்லாம் உண்மை."

அதிகாரி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவு மணி அடித்து ஓய்ந்தது. முதுகலை சோப்புத் தூள் மூட்டை மேல் உட்கார்ந்து, கழுத்துப் பட்டனை அவிழ்த்தான். அவன் போன் அடித்தது, திரையில் அம்மா. எடுக்கவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். முதல் நாளே அதையே எழுது என்று சொன்னேனே என்று கேட்கத்தான் வந்தார், அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

மெத்தை மட்டும் இன்னும் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்த படிவத்தை ஒரு தடவை படித்தான், இஸ்திரிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கடைசியில் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"முதுகலை, என் சூட்கேஸ் புதுசுதான், நீ எடுத்துக்கோ. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி இதை எப்படி ஆன் பண்றதுன்னு மட்டும் காட்டிட்டுப் போடா."